வாயாடியைக் குடிபெயர்த்தல்

பிப்ரவரி 2

சிடுமூஞ்சி அண்ணாவுக்கு,

உன் மின்னஞ்சலில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். குறுஞ்செய்தியும் உன்னிடம் வந்து சேருவதில்லை. தொலைபேசியில் பேச எனக்குக் குரல் இல்லை. சித்தி சொல்லியிருப்பாள், தொண்டையில் இருந்த கட்டியை எடுத்தபோது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். தபால்காரரை மட்டும் உன்னால் தடுக்க முடியாது. அதனால் இந்தக் கடிதம்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் வேண்டும்.

பேருந்து நிலையத்தில் இன்னும் உன் இயந்திரம்தான் ஓடுகிறது. அறிவிப்பு அறையில் உட்கார்ந்து தடம் எண்ணைத் தட்டுகிறேன், நடைமேடை எண்ணைத் தட்டுகிறேன். அந்தக் காலத்தில் நீ என்னைப் பூட்டிய அறைக்குள் உட்கார வைத்துப் பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் பேசுகிறது. தினமும் சீட்டில் எழுதிக் காட்டித் தேநீர் வாங்கிப் போகும் பெண்ணின் குரல்தான் அது என்று தேநீர்க் கடைக்காரருக்குக்கூடத் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது. என் குரல் வேலைக்குப் போகிறது, நான் துணைக்குப் போகிறேன்.

போன வாரம் புதிய நிறுவனத்திலிருந்து டை கட்டிய பொறியாளர் ஒருவர் வந்தார். மாதக் கடைசியில் பழைய இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கப் போகிறார்களாம். அதற்குள் யாருடைய குரலோ இருக்கிறது. "என் குரலைப் புதுசுல போட முடியுமா?" என்று அட்டையில் எழுதிக் காட்டினேன். பேச வராதவளுக்குக் காதும் கேட்காது என்று அவராகவே முடிவு செய்துகொண்டு அறை அதிரக் கத்தினார்: "அதைப் போர்ட் பண்ண முடியாதும்மா. போர்ட் பண்ணவே முடியாது."

இதே ஆள்தான் இயந்திரத்தின் பின்னால் கேபிள் செருகும் இடத்தையும் போர்ட் என்றார். பிறகு கைபேசியில் யாரிடமோ, "எட்டாயிரத்து எண்பதாவது போர்ட்டைத் திறந்து விடுங்க" என்றார். எட்டாயிரம் ஓட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது? அகராதியைப் புரட்டினேன். துறைமுகம் என்று போட்டிருக்கிறது. "நாம கப்பல் எதுவும் வாங்கலையே" என்கிறார் உன் மாப்பிள்ளை.

அந்தப் பெட்டியைத் தவிர வேறு எங்கும் என் குரல் இல்லை. கல்யாண வீடியோவில்கூடப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். முடியாது என்றால் என்ன முடியாது என்றாவது எனக்குப் புரிய வேண்டும்.

வாயாடி


பிப்ரவரி 6

வாயாடிக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன். சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவினேன். பிறகு பிரித்தேன்.

"உன் இயந்திரம்" என்று எழுதியிருக்கிறாய். ஆச்சரியமாக இருக்கிறது. திறப்பு விழா மேடையில் நின்று, "இந்த அறிவிப்பு இயந்திரத்தை அயராது உழைத்து உருவாக்கியவர் நமது நிலைய மேலாளரின் மருமகன்" என்று படித்தவள் நீ. அந்த மருமகனுக்கு அன்றைக்கு இயந்திரத்தின் முகம் எது, முதுகு எது என்றுகூடத் தெரியாது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேறு யார் குரலில் வந்திருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அர்த்தம் கேட்டாய், அதைச் சொல்கிறேன். இந்தச் சொல்லைத் தப்பாகச் சொல்பவர்களோடுதான் என் பிழைப்பே. எங்கள் கல்லூரியில் கணினித் துறைத் தலைவர் ஒருவர் இருக்கிறார். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், நான் வைத்த பெயர் பெரிய மூளை. அவர் மூன்று அர்த்தத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி ஒரு பாடமே நடத்துகிறார்.

முதலாவது போர்ட் கண்ணுக்குத் தெரிவது. இயந்திரத்தின் முதுகில் கேபிள் செருகுகிறாயே, அந்தப் பொந்து. விரலால் தொடலாம். தூசி அடையும்.

இரண்டாவதைத் தொட முடியாது. அது வெறும் எண். உன் நிலையத்தையே எடுத்துக்கொள். வண்டிகள் நுழைகிற வாசல் ஒன்றுதான். நுழைந்த பிறகு எது எங்கே போய் நிற்பது? நடைமேடை எண் சொல்கிறது. கணினிக்கும் ஒரே கம்பி வழியாகத்தான் எல்லாம் வருகிறது. கடிதம் ஒரு எண்ணுக்குப் போகும், இணையப் பக்கம் இன்னொரு எண்ணுக்குப் போகும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு நிரல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். எண்ணை மூடுவது என்றால் அந்த நடைமேடைக்குக் குறுக்கே கயிறு கட்டுவது. உன் டைக்காரர் திறக்கச் சொன்னது இதை. ஆயிரக்கணக்கில் இருக்கலாம், ஓட்டை ஒன்றுகூட வேண்டாம்.

மூன்றாவது பொருளே அல்ல, செயல். முதல் இரண்டும் வாசல் என்று பொருள்படும் பழைய வேரிலிருந்து வந்தவை. இது சுமத்தல் என்ற வேர். ஒரு இயந்திரத்துக்கென்று எழுதிய நிரலைச் சுமந்துபோய் இன்னொரு இயந்திரத்தில் ஓட வைப்பது. ஒரே வண்டியைப் பல காலம் ஓட்டிய ஓட்டுநரைத் திடீரென்று வேறு வண்டியில் ஏற்றினால் பிரேக் இருந்த இடத்தில் கால் வைப்பார், அங்கே பிரேக் இருக்காது. அவருக்குப் புது வண்டியைப் பழக்கித் தருவதுதான் போர்ட் பண்ணுவது.

டைக்காரர் முடியாது என்றது இதைத்தான். முடியாது என்றால் அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். அந்த நிரலின் ஒவ்வொரு வரியும் இன்னும் என் தலைக்குள் இருக்கிறது. இருந்தால் எனக்கென்ன. கேட்டாய், சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்.

அண்ணன்

பி.கு. இயந்திரத்தின் முதுகில் இரண்டு வரிசையாக ஊசிகள் உள்ள பொந்து இருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


பிப்ரவரி 9

அண்ணா,

இருக்கிறது. அலமாரியை நகர்த்தினோம். உன் மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். முதுகு முழுக்க ஒட்டடை. "ரெண்டு இருக்கு. ஒண்ணு பல்லைக் காட்டுது, இன்னொண்ணு பொக்கை வாய்" என்றார். ஒன்றில் ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, இன்னொன்றில் வெறும் துளைகள். எது வேண்டும்?

இப்போது என் முறை. மேடையில் ஏறிய பிறகுதான் அந்தத் தாளை என் கையில் திணித்தார்கள். நான் அறிவிப்பாளர். வண்டி தாமதம் என்று நான் அறிவித்தால் தாமதத்துக்கு நானா காரணம்? கொடுத்ததைப் படித்தேன், மூன்றாவது வரியில்தான் என்ன படிக்கிறேன் என்றே உறைத்தது. நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத் தெரியவில்லை, வாய் பழகிவிட்டது. மறுநாள் வீட்டுக்கு வந்து என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். நீ ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு ஊரையே விட்டுப் போனாய். நான் மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு கூடைப் பழம் வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லாமல். தொண்டையை அறுத்துப் போட்டிருக்கிறவளுக்குப் பழம் அனுப்ப உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தோன்றும்.

உன் விளக்கம் புரிந்தது. எல்லாவற்றையும் போர்ட் என்று சொல்லி ஏன் வதைக்க வேண்டும்? முதலாவது பொந்து, இரண்டாவது நடைமேடை, மூன்றாவது குடிபெயர்த்தல். நான் இப்படித்தான் எழுதப் போகிறேன்.

என் குரலைக் குடிபெயர்த்துத் தா. எங்கள் வீட்டு மடிக்கணினிக்கு வந்தால் போதும், நிலையத்துக்கு வேண்டாம். அவர்கள் புதுக்குரலையே வைத்துக்கொள்ளட்டும்.

வாயாடி


பிப்ரவரி 12

வாயாடிக்கு,

பல்லைக் காட்டுகிறதுதான். பொக்கை வாயைத் தொடாதே, அது அச்சுப்பொறிக்கானது.

கூரியரில் ஒரு கேபிள், ஒரு வட்டு, அந்த வட்டைப் போட ஒரு சிறிய பெட்டி வரும். கேபிளின் அகலமான தலை இயந்திரத்துக்கு, ஒல்லியான தலை மடிக்கணினிக்கு. வட்டில் இருக்கும் நிரலை ஓட விட்டால் பழைய இயந்திரம் தன்னிடம் உள்ள ஒலி முழுவதையும் துப்பத் தொடங்கும். மெதுவாகத்தான் வரும், பகல் முழுக்க ஆகும். நடுவில் கேபிளை அசைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உன் கணவர் காலை ஆட்டிக்கொண்டே உட்காருகிற ஆள். அவரைப் பக்கத்தில் விடாதே.

வந்து சேர்ந்ததும் எனக்கு அனுப்பு. என் கல்லூரிக் கணினி ஐயாயிரத்து ஐம்பது என்ற எண்ணில் காத்திருக்கும். உன் பாஷையில் சொன்னால் நடைமேடை. அதைத் திறக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரிய வேண்டும். கல்லூரியில் எல்லா எண்ணையும் மூடி வைத்திருக்கிறார்கள், சாவி பெரிய மூளையிடம். அவர் தலைவர் அறைக்குப் போனதிலிருந்து நான் அதன் வாசலை மிதித்ததில்லை. நேற்றுப் போனேன்.

"என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார்.

ஒரு எண் திறக்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"குடும்ப விஷயம்."

"உங்களுக்குக் குடும்பம் இருக்கா சார்? சொல்லவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே நான்கு விசையைத் தட்டித் திறந்துவிட்டார். ஏன், எதற்கு, எழுதிக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். அத்தனையும் வீண்.

இரண்டு நாளாகப் பழைய நிரலை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதே கை கரும்பலகையில் அதை எழுதப் போகிறது. மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கேபிளைச் செருகும் முன் இயந்திரத்தை ஒரு முறை அணைத்துவிட்டுச் செருகு. மறக்காதே.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, எல்லாம் போயும் விட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டி கிளம்பியதும் செருகினேன். இயந்திரம் துப்பத் தொடங்கியது. துப்பும்போது அதனால் பேச முடியாது என்று நீ எழுதவே இல்லை. நிலையம் ஊமையாகிவிட்டது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகை கரும்பலகையாக ஓடினேன். நான் எழுதுகிற வேகத்துக்கு வண்டிகள் நிற்குமா? நடத்துநர்கள் கீழே இறங்கித் தொண்டை கிழியக் கத்தினார்கள். "நாலாம் மேடை, நாலாம் மேடை, ஏறுங்க ஏறுங்க, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க." அதில் ஒருவர் என்னைப் பார்த்து, "என்னக்கா, உங்க மெஷினுக்குத் தொண்டை கட்டிடுச்சா?" என்றார். நான் சிரித்த சிரிப்பு அவருக்கு விளங்கியிருக்காது. மேலாளர் எட்டிப் பார்த்தார். பராமரிப்பு என்று எழுதிக் காட்டினேன். அதைப் படித்துவிட்டு அவரும் போய் ஐந்தாம் மேடையில் கத்தினார்.

சாயங்காலம் முடிந்தது. உன் நடைமேடைக்கு அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது. அந்த நிமிஷம் ஓடும் வண்டியில் தாவி ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை டைக்காரர் லாரியோடு வந்து நிற்கிறார். மாசக் கடைசி என்றீர்களே என்று எழுதினேன். "லாரி இன்னிக்குத்தாம்மா கிடைச்சுது" என்று கத்தினார். தூக்கிப் போட்டார்கள். அப்படியே நசுக்குகிற இடத்துக்குப் போகிறதாம்.

போகட்டும், எல்லாம் என் மடிக்கணினியில் இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்து திறந்தேன். ஒன்றைச் சொடுக்கினேன். இரைச்சல். இன்னொன்று, இரைச்சல். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி. எதைத் தொட்டாலும் அதேதான், வார்த்தையே இல்லை. உன் மாப்பிள்ளை ஒலியை முழுக்க ஏற்றிப் பார்த்தார். பக்கத்து வீட்டு நாய்தான் பதில் சொன்னது.

அண்ணா, பெட்டியும் போய்விட்டது. திரும்பி எடுக்க ஒன்றும் இல்லை. என் குரல் போய்விட்டதா? இருக்கிறது என்று பொய் சொல்லாதே.

வாயாடி


பிப்ரவரி 20

வாயாடி,

போகவில்லை. முதலில் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு உட்கார். போகவில்லை.

எனக்கு வந்ததும் இரைச்சல்தான். மூன்று முறை போட்டுக் கேட்டேன். பிறகு அந்த இரைச்சலின் நீளத்தைப் பார்த்தேன். "ஏழு" எவ்வளவு நேரமோ அந்தக் கோப்பும் அவ்வளவு நேரம். "நடைமேடை" நீளமாக இருந்தது. ஒன்றும் தொலையவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. உள்ளே எல்லாம் இருக்கிறது, வரிசை மட்டும் புரண்டிருக்கிறது.

ஒலியை எண்களாகத்தான் இயந்திரம் வைத்திருக்கும், ஒவ்வொரு எண்ணையும் இரண்டு துண்டாக. பழைய இயந்திரம் பெரிய துண்டை முன்னால் வைக்கும் ஜாதி. உன் மடிக்கணினியும் என் கணினியும் சிறிய துண்டை முன்னால் எதிர்பார்க்கிற ஜாதி. எண்பத்தேழைக் கொடுத்தால் எழுபத்தெட்டு என்று படிக்கிறது. ஒரு வாக்கியத்தில் இப்படி ஒரு எண் புரண்டால் தப்பு. ஒரு நொடிக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான எண்ணும் புரண்டால் எண்ணெய்ச் சட்டி. குடிபெயர்த்தலில் பிரேக் இடம் மாறியிருக்கும் என்றேனே, இதுதான் அது. ஐந்து வரி எழுதினேன். துண்டுகளை இடம் மாற்றினேன். ஓட விட்டேன்.

"தடம் எண் ஏழு."

நீதான். சளி இல்லாத, அவசரம் இல்லாத, அந்த வயதுக் குரல். ஆய்வகத்தின் பெரிய ஒலிபெருக்கியில் போட்டிருந்ததை மறந்துவிட்டேன். பெரிய மூளை ஓடி வந்தார். "யார் சார் இது, ரேடியோவா?" என் தங்கை என்றேன். அந்த மனிதர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முப்பது ஊர்ப் பெயர் கேட்டுவிட்டுப் போனார்.

இன்னும் இருக்கிறது, கேள். அது நேற்றுத்தான் தோன்றியது, தோன்றியதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நீ பதிந்தது எண்கள், ஊர்கள், சில அறிவிப்புகள். ஆனால் ஊர்ப் பெயர்கள் எத்தனை. அத்தனையையும் துண்டு துண்டாக நறுக்கினால் ஏறக்குறைய எல்லா எழுத்தின் ஒலியும் கிடைக்கிறது. 'ழு' ஏழிலிருந்து. 'ங்க' ஏறுங்கள் என்பதிலிருந்து. ஒட்டினால் நீ சொல்லாத சொல்லும் வருகிறது. 'ஞா' மட்டும் எங்கேயும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை என்று உன்னால் சொல்ல முடியாது, சனிக்கு மறுநாள் என்று சொல்லிக்கொள்.

உனக்காகச் சில வாக்கியங்கள் ஒட்டி வட்டில் அனுப்பியிருக்கிறேன். வணக்கம். நன்றி. எனக்குப் பேச வராது, தயவுசெய்து உதவுங்கள். ஒரு பொத்தானுக்கு ஒரு வாக்கியம். கேட்டுவிட்டு எழுது, உடனே எழுது.

அண்ணன்


பிப்ரவரி 25

அண்ணா,

கேட்டேன். முதல் வணக்கம் வந்ததும் உன் மாப்பிள்ளை எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார். பாத்திரம் எதுவும் கழுவவில்லை, தண்ணீர் மட்டும் ஓடியது. நான் அதே வணக்கத்தை எத்தனை முறை அழுத்தினேன் என்று கேட்காதே.

நன்றியெல்லாம் அப்புறம். இப்போது குறை.

ஒன்று. ஒவ்வொரு சொல்லையும் தீர்ப்புச் சொல்வது போலச் சொல்கிறேன். "எனக்கு. பேச. வராது." மறந்துவிட்டாயா? ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை பதிந்தோம், நடுவில் வருவதற்கு ஒன்று, கடைசியில் இறங்கி முடிவதற்கு ஒன்று. சண்டை போட்டு அப்படிப் பதிய வைத்தவனே நீதான். இப்போது முடியும் சொற்களை மட்டும் எடுத்து நறுக்கியிருக்கிறாய். நடுச்சொல்லை எடு.

இரண்டு. தயவுசெய்து உதவுங்கள் என்பது யார் சொல்வது? நான் யாரிடம் அப்படிப் பேசியிருக்கிறேன்? என் குரல் கிடைத்ததும் முதல் வேலையாக அதற்கு ஒரு தாளை எழுதிக் கையில் திணித்திருக்கிறாய். வேலையில் சேர்ந்த நாள் முதல் அடுத்தவர் எழுதியதைத்தான் படித்தேன். குரல் போன பிறகும் அது அடுத்தவருக்காகத்தான் உழைத்தது. எனக்கு உன் வாக்கியம் வேண்டாம். நான் எதைத் தட்டினாலும் அதை அப்படியே சொல்ல வேண்டும். தப்பாகத் தட்டினால் தப்பாகச் சொல்லட்டும். திட்டினால் திட்டட்டும்.

அது முடியாதென்றால் சொல்லிவிடு, எனக்கு இந்தப் பொத்தான்களும் வேண்டாம். கோபமில்லை. சரி, இருக்கிறது.

வாயாடி


மார்ச் 1

வாயாடிக்கு,

முடியும். முடியாது என்று சொல்ல நான் என்ன டை கட்டியிருக்கிறேனா?

நடுச்சொல் விஷயத்தில் நீ சொன்னது சரி. இதை எழுத எனக்கு இரண்டு தாள் வீணாயிற்று.

புது நிரல் வட்டில் இருக்கிறது. எழுத்தைத் தட்டு, சொல்லும். முற்றுப்புள்ளி வைத்தால் மட்டும் குரல் இறங்கும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒட்டு கரகரப்பாகத் தெரிகிறது, அதை இழைத்துத் தர இன்னும் ஒரு மாதம் வேண்டும். என் தொலைபேசியில் உன் எண்ணைத் திறந்து விட்டிருக்கிறேன். சோதனைக்காகத்தான். தொலைபேசியில் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தால்தானே இழைக்க முடியும்.

அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

வட்டு வந்தது. ஒரு மாதமெல்லாம் காத்திருக்க மாட்டேன். காலையில் தேநீர்க் கடைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், "சர்க்கரை கம்மி" என்றேன். கடைக்காரர் ஒலிபெருக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஒலிபெருக்கியைப் பார்த்தார். பால் பொங்கி வழிந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்லூரி விட்டதும் வீட்டில் இரு. எங்கேயும் போய்விடாதே.

வாயாடி


மார்ச் 10

வாயாடிக்கு,

நேற்று மணி அடித்ததும் எடுத்தேன். யார் என்று கேட்டது பழக்கத்தால். "வேற யாரு, நான்தான்" என்றாய். அதற்குப் பிறகும் நான் இரண்டு முறை யார் என்று கேட்டதாகக் கேலி செய்தாய். கம்பியில் ஏதோ கோளாறு.

கரகரப்பை இழைக்க வேண்டாம், இந்த வயதில் கரகரப்பு இருந்தால்தான் அது நீ என்கிறாய். உனக்கு ஒலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் விட்டுவிடுகிறேன்.

கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பழைய கதையெல்லாம் நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மேடை, மேலாளர், மருமகன் ஒன்றும் விடவில்லை. நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். விசை தட்டுகிற சத்தம்கூட வரவில்லை. நான் முடித்ததும் தட்டினாய். "இத்தனை வருஷமா யார்கூடண்ணா சண்டை போட்டுக்கிட்டு இருந்தே? எதிர்ல யாருமே இல்லையே."

சிரிக்கத் தெரியாத நிரலில் நீ "ஹஹஹ" என்று தட்ட, அது ஒவ்வோர் எழுத்தாகப் படித்ததையும் கேட்டுவிட்டு வைத்தேன்.

இன்று வகுப்புக்கு நடந்து போகும்போது அதற்குப் பதில் கிடைத்தது. நல்ல பதில், உன்னால் மறுக்க முடியாது. இங்கே எழுதப் போவதில்லை. கூப்பிடு, வாயாலேயே சொல்கிறேன்.

அண்ணன்